மழையைப் பார்த்துக் குறித்த நாள்

என் அம்மா விலங்கியல் ஆசிரியை. விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். உணவுச் சங்கிலிப் பாடத்துக்காக ஆண்டுதோறும் கரும்பலகையில் புல், மான், சிங்கம் என்று அம்புக்குறியிட்டு வரைந்துவந்த அவர், அந்த மூன்றையும் ஒரே இடத்தில் நேரில் பார்த்ததில்லை. 66 வயதில் ஒருநாள் இரவு உணவுக்குப் பிறகு, தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குப் போய்வர எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே தனி வைப்பில் போட்டு வைத்திருப்பதாக அவர் சொன்ன பிறகுதான், நெடுநாள் யோசித்துவிட்டுக் கேட்கிறார் என்பது எனக்கும் என் மனைவிக்கும் விளங்கியது. அன்று தொடங்கிய திட்டமிடல் ஒன்றரை ஆண்டு நீடித்தது. கடந்த பிப்ரவரியில் மூவரும் போய் வந்துவிட்டோம். பயணத்தைவிட அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி எழுதுவதே பிறருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அங்கே நாங்கள் கண்டவற்றில் பெரும்பகுதி இங்கே மேசைமேல் எடுத்த முடிவுகளால் வாய்த்தது.

முதலில் ஒரு பயண நிறுவனத்திடம் கேட்டோம். இரண்டு நாள்களில் அழகிய படங்களோடு ஓர் அட்டவணை வந்தது. ஏழு இரவுகளில் தான்சானியாவின் தரங்கிரே, மன்யாரா ஏரி, ங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி ஆகியவற்றையும், எல்லை கடந்து கென்யாவின் மசாய் மாராவையும் அம்போசெலியையும் காட்டுவதாக அதில் இருந்தது. அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் முதல் பார்வையில் பிடித்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வண்டியில் ஓடுகிறோம், எத்தனை மணி நேரம் விலங்குகளின் அருகே நிற்கிறோம் என்று தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தேன். ஓட்டம்தான் மிகுதியாக இருந்தது. செரெங்கெட்டிக்கென்று அந்த அட்டவணை ஒதுக்கியிருந்தது ஒரே ஓர் இரவு. 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு பூங்காவுக்கு மாலையில் நுழைந்து மறுநாள் மதியம் வெளியேறுவதென்றால், ஊருக்குள் வந்தவர் வாசற்படியோடு திரும்பியதைப் போன்றதே.

அட்டவணையில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. வரைபடத்தில் செரெங்கெட்டியும் மசாய் மாராவும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. விலங்குகளுக்கு அங்கே எல்லையே இல்லை. மனிதர்களுக்கோ அப்படி அன்று. 1977-இல் இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை மூடப்பட்டது. சில ஆண்டுகளில் எல்லை மீண்டும் திறந்தபோதும், பூங்காக்களுக்கு நடுவிலுள்ள வழி மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர்கள் விக்டோரியா ஏரிப் பக்கமாகச் சுற்றி, சிராரி சோதனைச் சாவடி வழியாகப் போக வேண்டும். ஒரு முழுப் பகல் அதிலேயே கழிந்துவிடும். இதையெல்லாம் அம்மாவிடம் வரைபடத்தை விரித்துக் காட்டிச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஒரே இடத்துல இருந்துருவோம் தம்பி, ஓடுறதுக்கா போறோம்" என்றார். ஆறு இடங்கள் ஒன்றாகச் சுருங்கின.

இடம் முடிவானதும் மாதம் எது என்ற கேள்வி வந்தது. இதற்கு விடை காணத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. இதைப் பற்றிப் படித்தவர்கள் பலரும் ஆகஸ்ட் என்றே சொன்னார்கள். வில்டபீஸ்ட் என்னும் அந்தத் தாடிவைத்த பெரிய மான்கள் ஆயிரக்கணக்கில் மாரா ஆற்றில் குதித்து, முதலைகளுக்குத் தப்பிக் கரையேறும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் இல்லை. அது ஜூலை முதல் அக்டோபர் வரை பூங்காவின் வடகோடியில், கொகாடெண்டே பகுதியில் நிகழ்கிறது. ஆனால் விலங்குகள் ஏன் அந்த மாதத்தில் அங்கே இருக்கின்றன என்று அம்மா கேட்டார். அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடியபோதுதான் பயணத்தின் உண்மையான திட்டமே கைக்கு வந்தது.

செரெங்கெட்டியின் தென்கிழக்கு மூலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. வடமேற்கே போகப்போக அது 1,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. வடக்கில் ஆறு இருக்கிறது, மரம் இருக்கிறது, கோடையிலும் புல் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்களும், அவற்றோடு சேர்ந்து சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளும், மழைக்காலம் தொடங்கியதும் வளமான வடக்கை விட்டு, வறண்ட தெற்குச் சமவெளிக்கு வந்துவிடுகின்றன. காரணம் மண்ணில் இருக்கிறது. ங்கோரோங்கோரோ மேட்டுநிலத்து எரிமலைகள் கக்கிய சாம்பல், காற்றோடு வந்து இந்தச் சமவெளியில்தான் படிந்தது. அம்மலைகளில் ஓல் டொய்ன்யோ லெங்காய் இன்றும் அணையாமல் இருக்கிறது. மசாய் மொழியில் அப்பெயருக்குக் கடவுளின் மலை என்று பொருள். அந்தச் சாம்பல் மண்ணில் விளையும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. பால் கொடுக்கும் தாய் விலங்குக்கும் எலும்பு முற்றும் குட்டிக்கும் வடக்கின் உயரமான புல்லால் தர முடியாதது அது. அதே சாம்பல் அடியில் இறுகிப் பாறைபோல் ஆகிவிட்டதால் மரத்தின் வேர் இறங்க முடிவதில்லை. ஆகவே கண்ணுக்கு எட்டிய தூரம் மரமற்ற வெளியாக இருக்கிறது. பதுங்கி வரும் சிங்கத்தைத் தாய் தொலைவிலேயே கண்டுகொள்ளவும் அது உதவுகிறது.

ஆனால் இந்தச் சமவெளியில் நிலையான நன்னீர் கிடையாது. ஏரிகள் இருந்தாலும் அவை சோடா உப்பு நிறைந்தவை. மழை நின்றதும் புல் காய்ந்துவிடும், கூட்டம் வெளியேறியே ஆக வேண்டும். நவம்பர், டிசம்பரின் சிறுமழையைத் தொடர்ந்து தெற்குக்கு வருபவை, மார்ச் முதல் மே வரையிலான பெருமழை ஓயும்போது வடமேற்காக நகர்ந்து, ஜூனில் குருமெட்டி ஆற்றுப் பகுதியையும், பிறகு மாரா ஆற்றையும் சேர்கின்றன. இந்தச் சுழற்சிக்குப் பஞ்சாங்கம் கிடையாது. மழை பத்து நாள் பிந்தினால் கூட்டமும் பிந்தும். மேகம் எங்கே இறங்குகிறதோ அங்கே திரும்பும். பயண நிறுவனங்கள் தேதிவாரியாக அச்சிடும் வரைபடங்களை ஒரு தோராயமாக மட்டுமே கொள்ள வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட அம்மா, குட்டிகள் பிறக்கும் மாதம் எது என்று மட்டும் கேட்டார். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, பெரும்பாலும் பிப்ரவரியில். தெற்கே என்டூட்டு ஏரியைச் சுற்றிய குட்டைப்புல் வெளியில், அந்த ஆண்டின் குட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலியும் சிங்கமும் சிவிங்கிப்புலியும் எவ்வளவுதான் தின்றாலும் அந்த மூன்று வாரத்தில் தின்று தீர்க்க முடியாது என்பதே அதன் பயன். ஆண்டு முழுவதும் சிதறிப் பிறந்தால் இன்னும் பல குட்டிகள் இரையாகியிருக்கும். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆற்றைக் கடக்கும் காட்சியை நான் விட்டுக்கொடுக்கத் தயங்கியது உண்மை. ஆனால் அதற்காகச் செல்பவர்கள் கரையில் நாள் முழுவதும் காத்திருந்தும் பார்க்காமல் திரும்புவது உண்டு என்பதையும், கூட்டம் இறங்கும் நேரத்தில் ஒரே துறையில் பல பத்து வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதையும், சில வேளைகளில் வண்டிகளே விலங்குகளின் வழியை மறித்துவிடுவதையும் படித்தபோது என் தயக்கம் போய்விட்டது. மாரா ஆற்றில் ஆண்டுதோறும் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் மூழ்கி இறப்பதாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மீன்களும் பிணந்தின்னிக் கழுகுகளும் அவற்றின் இறைச்சியால் வாழ்கின்றன என்பதும், எலும்புகள் பல ஆண்டுகள் மெல்லக் கரைந்து ஆற்றுக்கு உரமாகின்றன என்பதும் வியக்கத் தக்கவை. ஆயினும் சாவைவிடப் பிறப்பைப் பார்க்க அம்மா விரும்பினார். பிப்ரவரி என்று முடிவு செய்தோம்.

அடுத்தது அம்மாவின் முழங்கால். சஃபாரி என்றால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதானே என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அருஷா நகரிலிருந்து பூங்காவின் நடுப்பகுதியான செரொனேராவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ங்கோரோங்கோரோ நுழைவாயில் வரை நல்ல தார்ச்சாலை. அதற்கப்பால் புழுதியும் அலையலையாக வரம்பிட்ட சரளைக் கற்களுமான மண்பாதை. உடம்பின் எல்லா மூட்டுகளும் தனித்தனியாக ஆடும். ஏழெட்டு மணி நேரம் அதில் ஒரே மூச்சாகப் போனால் அம்மாவுக்கு அடுத்த இரண்டு நாள் வீணாகும் என்று எங்கள் எலும்பு மருத்துவர் சொன்னார். ஆகவே போகும் வழியை இரண்டாக உடைத்து, முதல் நாள் கராட்டு என்ற சிற்றூரில் தங்கினோம். திரும்பும்போது தரைவழியே வேண்டாம் என்று, செரொனேராவிலுள்ள மண் ஓடுதளத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் அருஷா வந்தோம். சிறு விமானத்தில் ஒருவருக்கு 15 கிலோ மட்டுமே, அதுவும் சக்கரமோ கட்டையான சட்டமோ இல்லாத துணிப்பையில் என்பதால், எங்கள் மொத்தப் பயணச் சுமையையும் அந்தக் கணக்கிலேயே கட்ட வேண்டியிருந்தது. தரைவழியே போய் வான்வழியே திரும்பும் இந்த ஏற்பாட்டை வயதானவர்களோடு செல்லும் எவருக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகும்போது நிலம் மாறுவதைப் படிப்படியாகப் பார்க்கலாம், திரும்பும்போது களைப்பு மிச்சமாகும்.

இறுதியில் அமைந்த அட்டவணை இதுதான்: அருஷாவில் ஓர் இரவு, கராட்டுவில் ஓர் இரவு, என்டூட்டுவில் நான்கு இரவுகள், செரொனேராவில் இரண்டு இரவுகள். முதலில் நானும் மூன்று, மூன்று என்றுதான் பிரித்திருந்தேன். குட்டிகள் பிறக்கும் இடத்தில் மழை பொய்த்தால் கூட்டம் மேற்கே நகர்ந்திருக்கக்கூடும், அப்போது தேடிப் போக ஒரு நாள் வேண்டும் என்று எங்கள் வழிகாட்டி மின்னஞ்சலில் எழுதியதால் ஒன்றைக் கூட்டினேன். அந்த நான்கு நாள்களில் ஒரு முழு நாளுக்கு எதிரே எதையும் எழுதாமல் வெறுமையாக விட்டோம். செரொனேராவைச் சேர்த்ததற்குக் காரணம், அங்கே ஆறும் மரங்களும் இருப்பதால் ஆண்டு முழுவதும் சிங்கமும் சிறுத்தையும் நிலையாக வாழ்கின்றன. புலம்பெயரும் கூட்டம் எங்கே இருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கு ஏமாற்றாது.

ங்கோரோங்கோரோ பெருங்குழிக்குள் இறங்குவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் தரைப்பரப்பும் 600 மீட்டர் ஆழமும் உடைய அந்த எரிமலைக் கிண்ணத்தில் கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு வண்டி ஒருமுறை இறங்குவதற்கு மட்டும் வரியோடு 295 டாலர் என்று எங்கள் மதிப்பீட்டுத் தாளில் இருந்தது. நுழைவுக் கட்டணம் அதற்கு மேல் தனி. மூவரில் ஒருவர் பங்கு ஏறத்தாழ 100 டாலர் என்று கணக்கிட்டு, அதே பணத்தில் என்டூட்டுவில் இன்னோர் இரவு கிடைக்காது என்பதையும் சரிபார்த்து, இறங்கினோம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனாலும் மீண்டும் போனால் விளிம்பில் நின்று பார்த்துவிட்டுக் கடந்துபோவேன். கிண்ணத்துக்குள் வண்டிகள் அதிகம்.

கட்டணங்களைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்கள் தடுமாறியது இதில்தான். என்டூட்டுவின் பெரும்பகுதி செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் இல்லை, ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, கட்டணம் வேறு. செரெங்கெட்டியில் எங்களுக்கு விதிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலரும் அதன்மேல் 18 விழுக்காடு வரியும். பூங்காவுக்குள் தங்கினால் விடுதி வழியாகச் செலுத்தும் இரவுக் கட்டணம் வேறு. என்டூட்டுவில் தங்கிக்கொண்டு, கூட்டத்தைத் தேடிக் காலையில் எல்லை தாண்டி செரெங்கெட்டிக்குள் போய் வந்தால், அந்த நாளுக்கு இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். மலிவாகத் தோன்றும் மதிப்பீடுகளில் இந்த இரண்டாம் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு வந்த நான்கு மதிப்பீடுகளில் மிகக் குறைந்த தொகை காட்டிய ஒன்றில் அது இல்லை. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பயண ஆண்டின் பட்டியலையே பார்க்க வேண்டும்.

உடல்நல ஏற்பாடுகளை நாங்கள் ஆறு மாதம் முன்பே தொடங்கியது நல்லதாயிற்று. சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாகக் கிளிமஞ்சாரோ விமான நிலையம் போய், அதே வழியில் திரும்புவது எங்கள் பாதை. எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளாக இந்தியா கருதுபவற்றில் அடங்கும். அந்நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புபவரை ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு வாழ்நாள் முழுவதற்கும் போதும். கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைக் கடந்து முதன்முறையாக இந்த ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அரிதாகக் கடுமையான பின்விளைவுகள் வரக்கூடும் என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் அறிந்தோம். விமானச் சீட்டு எடுக்கும் முன்பே அம்மாவை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போய், இரத்த அழுத்த மாத்திரைகள் முதல் பழைய நோய்கள் வரை எல்லாவற்றையும் சொல்லி, அவர் ஒப்புதல் தந்த பிறகே போட்டோம். வயதானவர் உடன் வருவதாக இருந்தால் விமானப் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மலேரியாவுக்கு மருத்துவர் எழுதித் தந்த தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன் தொடங்கித் திரும்பிய பின்னும் சொன்ன நாள் வரை விழுங்கினோம். காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும், காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். செரெங்கெட்டியின் நடுவே மாரடைப்பு வந்தால், வழக்கமான ஆம்புலன்ஸ் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

வண்டி, வழிகாட்டி ஆகிய இரண்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படுக்கை சற்று எளிமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் விடியலிலிருந்து அந்தி வரை உட்காரப்போவது வண்டியில், பார்க்கப்போவது வழிகாட்டியின் கண்களால். கூரை உயர்த்தக்கூடிய லேண்ட் குரூசர் வண்டி எங்கள் மூவருக்கு மட்டும் என்று பேசிக்கொண்டோம். வேற்றாரோடு வண்டியைப் பகிர்ந்தால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் கையில் இருக்காது. ஒரு குருவியைப் பார்க்க நாம் நிற்கச் சொன்னால், சிங்கத்தை நினைத்து வந்தவர் பொறுமை இழப்பார், அவர்மேல் தவறு சொல்ல முடியாது. வழிகாட்டிக்கு முன்கூட்டியே எழுதி, எங்களுக்குப் பட்டியல் எதுவும் இல்லை, சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ஐந்து பெரிய விலங்குகளையும் ஒரே நாளில் காட்ட வேண்டியதில்லை, ஓரிடத்தில் நின்று பார்க்கவே வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு மின்னஞ்சல் எங்கள் பயணத்தின் இயல்பையே மாற்றியது என்று அவரே பின்னர் சொன்னார். தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு விலகுவதும், குறிக்கப்பட்ட இடங்கள் தவிர வேறெங்கும் இறங்குவதும், இரவில் வண்டியோட்டுவதும் தடை. அதை மீறச் சொல்லி வழிகாட்டியை நெருக்கும் பயணிகள் உண்டு என்றும், மாட்டிக்கொண்டால் வேலை போவது தனக்குத்தான் என்றும் அவர் வருத்தத்தோடு சொன்னார்.

பிப்ரவரியில் மழை உண்டு. அங்கே பல இடங்களில் மண் கரிசல். கரிசலில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு இதைச் சொன்னதுமே, "மழை பெஞ்சா வண்டி எறங்கிரும், சோறு தண்ணி கூட இருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் மாலை நாங்கள் ஒன்றரை மணி நேரம் சேற்றில் நின்றபோது அவருடைய கடலை மிட்டாய்தான் எங்களுக்குத் துணை. மூட்டையில் வேறு சிலவும் பயன்பட்டன. ஆளுக்கு ஒரு பைனாகுலர் வேண்டும், ஒன்றை மூவர் கைமாற்றினால் மூவரும் பார்க்க மாட்டார்கள். 8 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் கண்ணாடியும் கொண்டது போதும், அதற்குமேல் கை நடுங்கும். கேமராவைத் தாங்க, தைத்த வெறும் துணிப்பையை மடித்துக் கொண்டுபோய், அருஷா கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டோம். திரும்பும் நாளில் அந்த அரிசி வழிகாட்டியின் வீட்டுக்குப் போயிற்று. நீலமும் கறுப்பும் இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈயை ஈர்க்கும் என்பதால் மண்ணிறத் துணிகள் மட்டும். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் அது பொருந்தும் என்பதால் எல்லாவற்றையும் துணியில் சுற்றினோம். உணவைப் பற்றி அம்மா கவலைப்பட்டதற்கு அவசியமே இருக்கவில்லை. நாங்கள் சைவம் என்று முன்பே எழுதியிருந்தோம். சப்பாத்தியும் அவரைப் பயறுக் குழம்பும் அங்கத்திய அன்றாட உணவு. சுவாஹிலியிலும் அது சப்பாத்திதான், தேநீரும் சாய்தான்.

திட்டமிடும்போது நான் அறிந்துகொண்டவற்றில் மனத்தைவிட்டு அகலாத ஒன்று இந்த நிலத்து மனிதர்களைப் பற்றியது. 1951-இல் பூங்கா அமைந்தபோது மசாய் மக்கள் அதற்குள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1959-இல் அவர்கள் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, ங்கோரோங்கோரோ தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டு, அங்கே விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று உறுதியளிக்கப்பட்டது. இப்போது அங்கிருந்தும் அவர்களை வேறிடத்துக்கு மாற்றும் முயற்சி நடக்கிறது. 2022 ஜூனில் செரெங்கெட்டிக்குக் கிழக்கே லோலியோண்டோவில் எல்லை அளக்க வந்த காவலர்களுக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது. நாம் மனிதரற்ற இயற்கை என்று நினைத்துப் பார்க்கப்போகும் வெளி, மனிதர்களை நகர்த்தி உண்டாக்கப்பட்டது. அதே சமயம், மசாய்களின் மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசிதான் வில்டபீஸ்ட்களைக் காப்பாற்றியது. 1890-களில் ஆப்பிரிக்காவில் பரவிய வெக்கை நோய் மாடுகளையும் அவற்றோடு காட்டு விலங்குகளையும் கொன்று குவித்தது. சுற்றிலுமுள்ள மாடுகளுக்கு ஊசி போட்டபின், 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட்கள் பதினைந்து ஆண்டுகளில் 13 லட்சமாகப் பெருகின. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. சிறுவயதில் வெக்கை கண்டு தொழுவம் காலியான கதையைத் தம் தாத்தாவிடம் கேட்டிருந்த அம்மா, இதைப் படித்துக் காட்டியபோது இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். கிராமம் பார்க்கும் சுற்றுலா என்ற பெயரில் ஆட்டமும் பாட்டுமாக நடத்தப்படும் நிகழ்ச்சியை நாங்கள் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கு மாறாக, மசாய் இளைஞர்கள் வேலை பார்க்கும் கூடார விடுதியைத் தேர்ந்தெடுத்தோம். இரவில் கூடாரத்துக்கு வழித்துணையாக விளக்கோடு வந்தவர் அம்மாவின் முழங்காலைக் கவனித்து நடையைக் குறைத்துக்கொண்டார்.

போகும் வழியில் ஒரு மணி நேரத்தை ஓல்டுவாய் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கியது அம்மாவின் ஏற்பாடு. 1959 ஜூலையில் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கி, ஆதிமனித வகை ஒன்றின் சுமார் பதினேழரை லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். பாடநூலில் இருந்த ஒரு பத்தியின் முன்னே நிற்பதுபோல் அவர் நின்றார்.

வெறுமையாக விட்டிருந்த நாள் என்டூட்டுவில் நான்காவது நாளாக அமைந்தது. அன்று காலை ஆறரை மணிக்கு வழிகாட்டி எங்கே போகலாம் என்று கேட்டபோது, முந்தைய நாள் கூட்டம் இருந்த வெளிக்கே போகச் சொன்னார் அம்மா. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும், ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து எழுந்த அடங்கிய முனகல் ஒலி நாலாபுறமும் சூழ்ந்தது. பதினோரு மணி வரை அதே இடத்தில் இருந்தோம். அம்மா பள்ளிக் குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பிறந்த குட்டி தரையில் விழுந்த நேரத்தையும், முதன்முதலாக நான்கு காலில் நின்ற நேரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்தார். ஐந்து குட்டிகளுக்கு முழுமையாகக் குறிக்க முடிந்தது. மிக விரைவாக நின்றது நான்கு நிமிடத்தில், மிகத் தாமதமானது பதினோரு நிமிடத்தில்.

புறப்படும் நேரத்தில் தனியாக ஒரு குட்டி வண்டியை நோக்கி வந்தது. தாயைத் தவறவிட்டவை அசையும் எதையும் பின்தொடரும் என்றார் வழிகாட்டி. எங்கள் பின்சக்கரத்தின் அருகே வந்து உடம்பை உரசிக்கொண்டு நின்றது. வண்டியை எடுத்தால் கூடவே ஓடிவரும், ஆகவே எடுக்காமல் காத்திருப்போம் என்று சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து இருபது முப்பது தாய்களும் குட்டிகளுமாக ஒரு சிறு கூட்டம் எங்களைக் கடந்து போனபோது, அது சக்கரத்தை விட்டு அவற்றின் பின்னால் ஓடியது. அவற்றில் தன் தாயைக் கண்டதா என்று எங்களால் பார்க்க முடியவில்லை. அம்மாவின் குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே நேரம் மட்டும் இருக்கிறது: 11.52.